பகுதிநேர ஊழியரின் விடுப்பும் சம்பளமும்: பிரிட்டன் அரசின் இலவசக் கணிப்பான் எதுவரை கைகொடுக்கும்?

பிரிட்டனில் மளிகைக் கடையோ சிறிய உணவகமோ நடத்துகிற ஒருவர் வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு ஓர் ஊழியரைச் சேர்த்துக்கொண்டால், அந்த ஊழியருக்கு ஆண்டுக்கு எவ்வளவு விடுப்பு உண்டு, அந்த விடுப்புக்கு எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதல் மாதத்திலேயே விடை தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதல் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே அரசு தனது கவ்.யுகே தளத்தில் விடுப்புக் கணிப்பான் ஒன்றை வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது, பெயரையோ நிறுவனத்தையோ பதிய வேண்டியதில்லை, கைப்பேசியிலேயே சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். லண்டனில் தமிழர் நடத்தும் சில கடைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில் இந்தக் கணிப்பானை நான் தொடர்ந்து பயன்படுத்துகிறேன், மற்றவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் அது எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். தெரியாமல் பயன்படுத்தினால், கையில் சரியான விடையை வைத்துக்கொண்டே ஊழியருக்குக் குறைவாகக் கொடுக்கிற நிலை வந்துவிடும்.

கணிப்பானுக்குப் பின்னால் இருக்கும் விதி எளிமையானது. 1998ஆம் ஆண்டின் வேலைநேர விதிமுறைகளின்படி ஒவ்வொரு ஊழியருக்கும் ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. தொடக்கத்தில் மூன்று வாரமாகவும் 1999 நவம்பரிலிருந்து நான்கு வாரமாகவும் இருந்தது 2007 அக்டோபரில் 4.8 வாரமாகவும், 2009 ஏப்ரலில் 5.6 வாரமாகவும் உயர்ந்தது. வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு இது 28 நாள். மூன்று நாள் வேலை செய்பவருக்கு 16.8 நாள். ஆறு நாள் வேலை செய்பவருக்குப் பெருக்கினால் 33.6 வரும் என்றாலும் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 28 நாள்தான். பகுதிநேரம் என்பதால் விடுப்பே இல்லை என்றோ, ஆறு மாதம் கழித்துத்தான் விடுப்பு தொடங்கும் என்றோ இன்னமும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே விடுப்பு சேரத் தொடங்கிவிடுகிறது.

கணிப்பானைத் திறந்ததும் அது கேட்கும் முதல் கேள்வி, ஊழியர் ஒழுங்கற்ற நேரங்களில் வேலை செய்கிறாரா அல்லது ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் வேலை செய்கிறாரா என்பது. ஆம், இல்லை என்று இரண்டே விடைகள். பலரும் இதைப் படிக்காமலே கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். என் பார்வையில் கணிப்பான் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. இதற்குப் பிறகு வருவதெல்லாம் வெறும் பெருக்கல். ‘ஆம்’ என்றால் ஒவ்வொரு சம்பளக் காலத்திலும் வேலை செய்த மணிநேரத்தில் 12.07 சதவீதம் விடுப்பாகச் சேரும். ‘இல்லை’ என்றால் 5.6 வாரம் என்ற நேரடிக் கணக்கு. எந்த வழியில் போவது என்பதை முடிவு செய்வது ஊழியருடைய ஒப்பந்தம். முதலாளியின் வசதிக்கு அதில் வேலை இல்லை.

சட்டம் ‘ஒழுங்கற்ற நேர ஊழியர்’ என்று சொல்வது, ஒப்பந்தப்படி ஒவ்வொரு சம்பளக் காலத்திலும் சம்பளம் பெறும் மணிநேரம் முழுவதுமாகவோ பெரும்பாலுமோ மாறிக்கொண்டே இருக்கிற ஒருவரை. கூப்பிட்டால் வரும் மாணவர், நிச்சய மணிநேரம் எதுவும் எழுதப்படாத ஒப்பந்தத்தில் இருப்பவர் போன்றோர் இதில் அடங்குவர். வாரம் 18 மணிநேரம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, தீபாவளி, கிறிஸ்துமஸ் வாரங்களில் மட்டும் கூடுதலாக நான்கைந்து மணிநேரம் வரச் சொல்கிற ஊழியர் இதில் அடங்கமாட்டார். அவருடைய ஒப்பந்த நேரம் நிலையானது, மேலே செய்வது மிகைநேரம். அவ்வளவுதான். இருந்தாலும் பகுதிநேரம் என்றாலே 12.07 என்று எல்லோருக்கும் ஒரே சதவீதத்தைப் போட்டுவிடும் பழக்கம் நம்முடைய கடைகளில் பரவலாக இருக்கிறது.

இதனால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். 5.6 வாரத்தை ஆண்டின் மீதமுள்ள 46.4 வாரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் 12.07 சதவீதம் என்பதால், ஒருவர் ஒரு வாரமும் விடாமல் வேலை செய்தால் இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். வேறுபாடு தெரிவது அவர் நோயில் படுக்கும்போது. நிலையான நேர ஊழியர் ஆறு வாரம் நோயில் இருந்தாலும் அந்த ஆறு வாரத்துக்கும் விடுப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். அதே ஊழியருக்கு ‘வேலை செய்த மணிநேரத்தில் 12.07’ என்று கணக்குப் போட்டால், வேலை செய்யாத அந்த ஆறு வாரத்துக்கும் பூஜ்யம்தான் வரும். உண்மையில் ஒழுங்கற்ற நேர ஊழியராக இருப்பவருக்கு நோய், மகப்பேறு ஆகிய காலங்களில் எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதற்கு விதிமுறைகளில் தனி வழி இருக்கிறது. சதவீதத்தை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் கடைக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை. உடம்பு முடியாமல் இருந்து திரும்பி வரும் ஒருவருக்குத்தான் ஓய்வு அதிகம் தேவை. அவரிடமிருந்தே அதைக் குறைப்பது எனக்கு ஒருபோதும் ஏற்புடையதாக இருந்ததில்லை.

12.07 சதவீதத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. பல ஆண்டுகளாகச் சட்டத்தில் எங்கும் எழுதப்படாமல் வழக்கத்தில் மட்டுமே இருந்துவந்த இந்தக் கணக்கை, பெட்ஃபோர்ட் நகரப் பள்ளி ஒன்றில் பள்ளி நடக்கும் வாரங்களில் மட்டும் இசை கற்பித்து வந்த ஓர் ஆசிரியை எதிர்த்து வழக்காடினார். அவரைப் போல ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் வேலை செய்யும் நிரந்தர ஊழியருக்கும் முழு 5.6 வார விடுப்பு உண்டு, சதவீதம் போட்டுக் குறைக்கக் கூடாது என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அரசு 2023இல் விதிமுறைகளைத் திருத்தியது. 2024 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் விடுப்பு ஆண்டுகளில் (விடுப்பைக் கணக்கிடக் கடை வைத்துக்கொள்ளும் பன்னிரண்டு மாதம்தான் விடுப்பு ஆண்டு), ஒழுங்கற்ற நேர ஊழியருக்கும் ஆண்டின் ஒரு பகுதி மட்டும் வேலை செய்பவருக்கும் 12.07 சதவீதம் சட்டப்படியான முறையாகவே ஆகிவிட்டது. இணையத்தில் இன்றும் கிடைக்கும் பழைய விரிதாள்களும் விளக்கங்களும் இந்த மூன்று காலகட்டங்களில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவையாக இருக்கும், எந்தக் காலம் என்று தேதி போட்டிருக்காது. அரசின் கணிப்பான் விடுப்பு ஆண்டு எப்போது தொடங்குகிறது என்று கேட்டு அதற்கேற்ற விதியை எடுத்துக்கொள்வதை அதன் பெரிய பலமாகச் சொல்வேன்.

முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று சொன்னவரிடம், விடுப்பை நாள் கணக்கில் பார்ப்பதா மணிக் கணக்கில் பார்ப்பதா என்று கணிப்பான் அடுத்ததாகக் கேட்கிறது. ஷிப்ட் முறை, ஆண்டு மொத்த மணிநேரம் போன்ற வேறு சில வழிகளும் இருக்கின்றன, சிறு கடைக்கு அவை அரிதாகவே தேவைப்படும். மூன்று நாளும் ஒரே அளவு நேரம் வேலை செய்பவருக்கு நாள் கணக்கு போதும். ஆனால் சனிக்கிழமை ஒன்பது மணிநேரமும் வாரநாள்களில் இரண்டு நாள் நான்கு நான்கு மணிநேரமும் வேலை செய்பவரை எடுத்துக்கொள்வோம். நாள் கணக்கில் அவருக்கு 16.8 நாள். அவர் விடுப்பெல்லாம் சனிக்கிழமைகளாகவே எடுத்தால் கடைக்கு இழப்பு. முதலாளி வாரநாள்களில் மட்டுமே விடுப்புக்கு ஒப்புக்கொண்டால் ஊழியருக்கு இழப்பு. இப்படிப்பட்டவருக்கு மணிக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும்: வாரம் 17 மணிநேரம், அதை 5.6ஆல் பெருக்கினால் 95.2 மணிநேரம். சனிக்கிழமை விடுப்பு எடுத்தால் ஒன்பது மணிநேரம் கழியும், செவ்வாய்க்கிழமை எடுத்தால் நான்கு கழியும், யாருக்கும் மனக்குறை வராது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 95.2 மணிநேரம் என்பது 95 மணி 12 நிமிடம். அதை 95 மணி 20 நிமிடம் என்று எழுதிவைத்த பதிவேடுகள் என் கண்ணில் பட்டிருக்கின்றன. விடையில் வரும் பின்னத்தைக் கீழ்நோக்கி வெட்டக் கூடாது, மேல்நோக்கி முழுமையாக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 16.8 நாளை 17 என்று கொடுக்கலாம், 16 என்று கொடுக்க முடியாது.

வங்கி விடுமுறை என்று இங்கே அழைக்கப்படும் பொது விடுமுறை நாள்களைப் பற்றிக் கணிப்பான் எதுவும் கேட்பதில்லை. இது குறை என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிக் கருதவில்லை, ஏனென்றால் சட்டமும் அவற்றைத் தனியாகக் கேட்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கமாக உள்ள எட்டு வங்கி விடுமுறைகளை 5.6 வாரத்துக்குள்ளேயே அடக்கிக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. சிக்கல் எழுவது பகுதிநேர ஊழியர்களுக்கிடையே. ஈஸ்டர் திங்கள், மே மாதத்தின் இரண்டு, ஆகஸ்டு இறுதியில் ஒன்று என நான்கு விடுமுறைகள் வழக்கமாகத் திங்கட்கிழமையிலேயே வருகின்றன. கடையைச் சாத்துகிற முதலாளி, திங்கள் முதல் புதன் வரை வேலை செய்பவருக்கு அந்த நான்கையும் சம்பளத்துடன் கொடுத்துவிட்டு, செவ்வாய் முதல் வியாழன் வரை வேலை செய்பவருக்கு ‘உனக்கு அன்று வேலை இல்லையே’ என்று சொல்லிவிடுவது வழக்கம். முழுநேர ஊழியருக்கு 20 நாளும் எட்டு வங்கி விடுமுறையும் என்று கொடுக்கும் கடையில், வாரத்தில் மூன்று நாள் வேலை செய்பவருக்கு அவர் எந்தக் கிழமையில் வந்தாலும் 12 நாளும் 4.8 நாளும் சேர்த்து 16.8 நாள் என்று ஒரே தொகுப்பாகக் கொடுப்பதே நேர்மையான வழி. திங்கட்கிழமைக்காரருடைய விடுமுறை அந்தத் தொகுப்பிலிருந்து கழியும், மற்றவர் தமக்கு வேண்டிய நாளில் எடுத்துக்கொள்வார். பகுதிநேர ஊழியரை முழுநேர ஊழியரைவிடக் குறைவாக நடத்தக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் விதிமுறைகள் சொல்வதும் இந்த முறையோடு ஒத்துப்போகிறது.

ஆண்டின் நடுவில் சேர்ந்தவருக்கும் கணிப்பான் நன்றாகவே உதவுகிறது. விடுப்பு ஆண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கும் கடையில் ஒருவர் ஜூலை 1 அன்று மூன்று நாள் வேலைக்குச் சேர்ந்தால், மீதமுள்ள ஒன்பது மாதத்துக்கு 12.6 நாள் வரும். முதலாண்டுக் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட பின்னம் முழு நாளாகிவிடும் என்பதால் அவருக்கு 13 நாள். ஆனால் ஆண்டின் நடுவில் வேலைநேரம் மாறியவருக்கு இந்தக் கணிப்பானில் நேரடி வழி இல்லை. ஆறு மாதம் மூன்று நாளும் அடுத்த ஆறு மாதம் நான்கு நாளுமாக வேலை செய்தவருக்கு இரண்டு பகுதிகளாகப் பிரித்து, இரண்டு முறை கணக்குப் போட்டு, விடைகளை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் பள்ளி நேரத்துக்கு ஏற்ப வேலைநேரம் மாறிக்கொண்டே இருக்கும் பெண்கள் பலர் வேலை செய்யும் தொழில் இது. அடுத்த திருத்தத்திலாவது இதற்கு ஒரு வழி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வட அயர்லாந்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு விதிகளே தனி, அவர்கள் அங்குள்ள வழிகாட்டலைத்தான் பார்க்க வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருவோம். விடுப்பு எவ்வளவு நேரம் என்று சொல்வதோடு கணிப்பானின் வேலை முடிந்துவிடுகிறது, அந்த நேரத்தின் விலை என்ன என்பதை அது சொல்வதில்லை. எனவே சம்பளத்தை நாமே சரியாகப் போட்டிருக்க வேண்டும், அதில்தான் முதல் சறுக்கல். வாரம் 18 மணிநேரம் வேலை செய்யும் 21 வயது முடிந்த ஒருவருக்கு, 2025 ஏப்ரல் முதல் நடப்பில் இருந்த குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 12.21 பவுண்டு வீதம் வாரச் சம்பளம் 219.78 பவுண்டு. 2026 ஏப்ரல் முதல் அந்த வீதம் 12.71 பவுண்டு என்பதால் வாரத்துக்கு 228.78 ஆகும். இதை மாதச் சம்பளமாக மாற்றும்போது பலரும் நான்கால் பெருக்கிவிடுகிறார்கள். மாதத்துக்கு நான்கு வாரம் என்றால் ஆண்டுக்கு 48 வாரம்தான் வரும், மீதி நான்கு வாரம் எங்கே போயிற்று? சரியான வழி 18ஐ 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுப்பது: மாதத்துக்கு 78 மணிநேரம், பழைய வீதத்தில் 952.38 பவுண்டு. நான்கால் பெருக்கினால் வருவது 879.12 பவுண்டு. வேறுபாடு 73.26 பவுண்டு, அதாவது ஊழியரின் ஆறு மணிநேர வேலைநாள் ஒன்றின் முழுச் சம்பளம். மாதந்தோறும் ஒரு நாள் சம்பளம் போகிறது, ஊழியர் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறார். விடுப்புச் சம்பளத்தையும் இந்தத் தவறான தொகையிலிருந்தே கணக்கிடுவதால் அதுவும் குறைந்துவிடுகிறது.

நிலையான நேரமும் நிலையான சம்பளமும் உள்ளவருக்கு விடுப்பு வாரத்தின் சம்பளம் வேலை வாரத்தின் சம்பளமேதான். மிகைநேரம் அடிக்கடி செய்பவருக்கு அப்படி விட்டுவிட முடியாது. சம்பளம் வாரத்துக்கு வாரம் மாறினால், சம்பளம் பெற்ற கடைசி 52 வாரங்களின் சராசரியை எடுக்க வேண்டும்; சம்பளமே இல்லாத வாரத்தைத் தள்ளிவிட்டு அதற்கு முந்தைய வாரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; இப்படிப் பின்னோக்கிப் போவதற்கு எல்லை 104 வாரம். மேலே சொன்ன 18 மணிநேர ஊழியர் வழக்கமாகக் கூடுதல் நேரமும் செய்து, 52 வாரத்தில் மொத்தம் 12,480 பவுண்டு வாங்கியிருந்தால் சராசரி வாரத்துக்கு 240 பவுண்டு. 5.6 வாரத்தில் நான்கு வாரத்துக்கு இந்தச் சராசரியைக் கொடுத்தே ஆக வேண்டும், மீதி 1.6 வாரத்துக்கு அடிப்படைச் சம்பளமே போதும் என்று சட்டம் அனுமதிக்கிறது. அப்படிப் பிரித்தால் ஆண்டு முழுவதற்கும் விடுப்புச் சம்பளம் 1,311.65 பவுண்டு, எல்லாவற்றையும் சராசரியிலேயே கொடுத்தால் 1,344 பவுண்டு. ஓர் ஆண்டுக்கு 32 பவுண்டு மிச்சப்படுத்துவதற்காக, எந்த விடுப்பு நாள் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று இரண்டு பதிவேடு வைத்துக்கொண்டு ஊழியருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? சிறு கடைக்காரர்களிடம் நான் எப்போதும் சொல்வது, முழுவதையும் சராசரியிலேயே கொடுத்துவிடுங்கள் என்பதுதான்.

உண்மையிலேயே ஒழுங்கற்ற நேரத்தில் வேலை செய்பவருக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, மணிநேரத்தைச் சேர்த்துவைத்து விடுப்பு எடுக்கும்போது சம்பளம் கொடுப்பது. கணிப்பானில் ஒரு மாதம் வேலை செய்த மணிநேரத்தைக் கொடுத்தால் அந்த மாதத்தில் சேர்ந்த விடுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடும். 40 மணிநேரம் வேலை செய்தால் 4.83, முழுமையாக்கினால் ஐந்து மணிநேரம். 28 மணிநேரம் வேலை செய்தால் 3.38, அரை மணிக்குக் குறைந்த பின்னத்தை விட்டுவிட்டால் மூன்று; நிலையான நேர ஊழியருக்குப் போலன்றி, இவர்களுக்கு இப்படி விடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. இப்படி விடுபடும் பின்னங்களை நான் ஒரு தனி நெடுவரிசையில் எழுதி வைத்து, ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்து, குறைவாக இருந்தால் ஊழியருக்குச் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறேன். சட்டம் கேட்பது குறைந்தபட்சத்தை மட்டுமே, அதற்கு மேல் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. மற்றொரு வழி, ஒவ்வொரு சம்பளத்தோடும் விடுப்புப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது. 40 மணிநேரத்துக்கு 12.21 வீதம் 488.40 பவுண்டு, அதன் மேல் 12.07 சதவீதம் 58.95 பவுண்டு. இந்த 58.95 சம்பளச் சீட்டில் தனி வரியாக இருந்தே ஆக வேண்டும்; அடிப்படைச் சம்பளத்தோடு கரைத்துவிடக் கூடாது. ‘விடுப்பும் சேர்த்து மணிக்கு 12.70’ என்று வாய்ச்சொல்லில் பேசி முடித்த ஒரு கடையின் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, விடுப்புப் பணத்தை எடுத்துவிட்டால் அடிப்படை வீதம் 11.33 பவுண்டுதான் மிஞ்சியது. குறைந்தபட்ச ஊதியமோ அப்போது 12.21. மேலும், பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டாலும் விடுப்பு எடுக்கும் உரிமை ஊழியருக்கு அப்படியே இருக்கிறது. பணம் கையில் வந்துவிட்டது என்பதால் ஆண்டு முழுவதும் ஒரு வாரம்கூட ஓய்வெடுக்காமல் உழைக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது, எனக்கு இந்த இரண்டாவது வழி மனதுக்கு ஒப்பவில்லை. சட்டம் அனுமதித்தாலும் முதல் வழியையே தேர்ந்தெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நிலையான நேர ஊழியருக்கு இந்த இரண்டாவது வழியைச் சட்டம் திறந்துவிடவே இல்லை.

வரி, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு வரித்துறைக்கு அனுப்ப, அந்தத் துறையான எச்.எம்.ஆர்.சி. இலவசமாகக் கொடுக்கும் பேசிக் பி.ஏ.ஒய்.இ. டூல்ஸ் என்ற மென்பொருள் பத்துப் பேருக்குக் குறைவாக ஊழியர் உள்ளவர்களுக்கானது. நம்முடைய 18 மணிநேர ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 2025–26 வீதத்தில் 11,428.56 பவுண்டு. இது 12,570 பவுண்டு வரிவிலக்கு வரம்புக்குக் கீழே என்பதால், வேறு வேலை இல்லாவிட்டால் வருமான வரி இல்லை. வாரச் சம்பளம் 242 பவுண்டைத் தாண்டாததால் அவரிடமிருந்து நேஷனல் இன்சூரன்ஸும் பிடிக்க வேண்டியதில்லை. முதலாளியின் பங்கு மட்டும் வாரத்துக்கு 96 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில் 15 சதவீதம், அதாவது 18.57 பவுண்டு, தகுதியுள்ள சிறு நிறுவனங்களுக்கு அதை ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரையிலான சலுகை ஈடுகட்டிவிடும். இவற்றையெல்லாம் மென்பொருள் பிழையின்றிச் செய்கிறது. சம்பளம் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்னரோ அனுப்ப வேண்டிய அறிக்கையும் அதிலிருந்தே போய்விடும். ஆனால் அது சம்பளச் சீட்டைத் தயாரித்துக் கொடுக்காது. மணிநேரத்துக்கு ஏற்பச் சம்பளம் மாறுபவருடைய சீட்டில் அந்த மணிநேரமும் இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரல் முதல் கட்டாயம், எனவே சீட்டை வேறு இடத்தில் கவனமாகத் தயாரித்தாக வேண்டும். ஆண்டுச் சம்பளம் 10,000 பவுண்டைத் தாண்டுவதால், 22 வயது முடிந்தவராக இருந்தால் இந்த ஊழியரை ஓய்வூதியத் திட்டத்தில் தானாகவே சேர்க்க வேண்டிய கடமையும் உண்டு. பகுதிநேரம் என்ற ஒரே காரணத்தால் மறந்துபோகிற கடமைகளில் இதுவும் ஒன்று.

விடுப்புக் கணிப்பான் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பக்கத்தை மூடினால் விடையும் போய்விடும். அதனால் விடை வந்ததும் அச்சிட்டோ படமெடுத்தோ, கொடுத்த விவரங்களோடு ஊழியரின் கோப்பில் சேர்த்துவிட வேண்டும். அதன் ஒரு பிரதியை ஊழியருக்கும் கொடுப்பதை நான் வற்புறுத்துகிறேன், தனக்கு 16.8 நாள் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் விடுப்புக் கேட்பார். முதலாளிக்கும் இதில் நலன் இருக்கிறது: விடுப்பு எடுக்க நியாயமான வாய்ப்புக் கொடுக்காமலும், எடுக்காவிட்டால் இழந்துவிடுவீர்கள் என்று தெரிவிக்காமலும் விட்டுவிட்டால், எடுக்காத விடுப்பில் நான்கு வாரம் வரையிலானதை ஊழியர் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். கருத்து வேறுபாடு வந்தால், வேலையிடப் பிரச்சினைகளில் வழிகாட்டும் ஏகாஸ் என்ற பொது அமைப்பின் இலவசத் தொலைபேசி ஆலோசனையை முதலாளி, ஊழியர் இருவருமே நாடலாம். அவர்களுடைய இணையப் பக்கங்களில் உள்ள விளக்கங்கள், கணிப்பானில் இல்லாத பணக் கணக்கை எடுத்துக்காட்டுகளோடு சொல்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கில்தான் இந்தக் கணிப்பானை அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் மனக்கசப்போடு பிரியும் நேரத்தில் இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும் ஓர் எண் தேவைப்படுகிறது. வேலையில் இருக்கும்வரை சட்டப்படியான விடுப்புக்குப் பதிலாகப் பணம் கொடுத்துத் தீர்க்க முடியாது, வேலை முடியும்போது மட்டுமே அது முடியும். விடுப்பு ஆண்டு 2025 ஏப்ரல் 1 அன்று தொடங்கி, நம்முடைய மூன்று நாள் ஊழியர் செப்டம்பர் 30 அன்று விலகுகிறார் என்றால், 183 நாளுக்கு அவருக்குச் சேர்ந்த விடுப்பு 8.42 நாள். அதில் ஐந்து நாள் எடுத்திருந்தால் மீதி 3.42, அதை மூன்றரை நாளாக முழுமையாக்கி, நாளுக்கு 73.26 பவுண்டு வீதம் 256.41 பவுண்டைக் கடைசிச் சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டார், முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை என்று அந்தத் தொகையையே நிறுத்திவைக்கும் கடைகள் இருக்கின்றன. அவர் எப்படிப் போனார் என்பது வேறு வழக்கு. அந்த மூன்றரை நாளை அவர் ஏற்கெனவே உழைத்துச் சேர்த்துவிட்டார், அதைக் கொடுத்துவிட வேண்டும்.